23 கிலோவும் ஒரு சாவியும்

தராசின் சிவப்பு எண் 24.6-இல் வந்து நின்றது.

“இன்னும் ஒண்ணு அறுநூறு எறக்கோணும்” என்றார் மச்சான்.

புதுச்சத்திரம் பக்கம் அவருடைய கோழிப்பண்ணை. தீவன மூட்டை நிறுக்கும் தராசின்மேல் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் புத்தம்புது நீலப் பெட்டி. தகட்டு ஓரங்களில் மக்காச்சோள மாவு படிந்திருந்தது. என் அக்கா மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தாள். முதலில் ஒரு கிலோ கொள்ளு வெளியே வந்தது. பிறகு அரைக் கிலோ கனத்த ஈரோட்டுத் துண்டு. தராசு 23.1 காட்டியது.

“நூறு கிராமுக்கெல்லாம் ஏர்போர்ட்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்க மச்சான்” என்றேன். வருடக்கணக்கில் முட்டையையும் தீவனத்தையும் எடை பார்த்தே வாழ்ந்தவர் அவர், ஒப்பவில்லை. அக்கா கொஞ்ச நேரம் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, குக்கருக்குள் செருகி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தாள். சின்ன வயதிலிருந்து மகன் பால் குடித்த டம்ளர். 23.0.

மறுநாள் இரவு பெங்களூரு விமான நிலையம். அங்கிருந்து ஜெர்மனி. எந்திரப் பொறியியலில் இரண்டு வருட முதுகலை. என் அக்கா மகன் போய் இந்த அக்டோபரோடு ஒரு வருடம் ஆகிறது.

இந்தக் காட்சி இப்போது நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ஆத்தூர் என்று எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவிலும் நடக்கிறது. லாரி பாடி கட்டுகிறவர் வீட்டிலும், ரிக் வண்டியில் வேலை பார்க்கிறவர் வீட்டிலும், ஜவ்வரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை வீட்டிலும் ஒரு பிள்ளை பாஸ்போர்ட்டோடு நிற்கிறது. எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கட்டணம் என்பதைப் பேச ஏஜென்ட்டுகளும் கண்காட்சிகளும் ஏராளம். அங்கே போய் இறங்கிய முதல் இரவில் அந்தப் பிள்ளை எந்த அறையில் படுக்கும், காலையில் எதைத் தின்னும், யாரிடம் பேசும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. படிப்பு நிலைப்பதும் பாதியில் நிற்பதும் பல நேரம் அந்த அறையில்தான் முடிவாகிறது.

*மணியடித்து வளர்ந்த ஊர்*

தமிழ்நாட்டிலேயே விடுதி வாழ்க்கை அதிகம் தெரிந்த மாவட்டம் நாமக்கல் என்று சொன்னால் தப்பில்லை. 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான காலத்திலேயே, முட்டைக்கும் லாரிக்கும் அடுத்து எங்கள் ஊரின் பேர் சொன்னவை உண்டு உறைவிடப் பள்ளிகள். பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வை 2007-இல் தமிழக அரசு எடுத்துவிட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று ஆக்கியபிறகு, தென்கோடி மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் இங்கே வந்து இறங்கினார்கள். நீட் தேர்வு 2017-இல் தமிழ்நாட்டுக்கும் கட்டாயமானபோது அந்த அலை வடிந்தது. பள்ளிகள் பயிற்சி மையங்களாக வேடம் மாற்றிக்கொண்டன.

அதற்கெல்லாம் முன்பே அப்படி ஒரு விடுதியில் இரண்டு வருடம் இருந்தவன் நான். விடியற்காலை நாலரைக்கு மணி அடிக்கும். பல் துலக்க, குளிக்க, படிக்க, சாப்பிட, மறுபடி படிக்க, எல்லாவற்றுக்கும் மணி. இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்கவும் மணி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தூக்குப்போசியில் கறிக்குழம்பு கொண்டுவந்து வேப்பமரத்தடியில் பிசைந்து கொடுப்பாள். அறைக்குப் பூட்டு இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. இருந்திருந்தாலும் சாவி வார்டனிடம்தான்.

ஆகவே “எங்க பையன் ஆறாவதிலிருந்து ஹாஸ்டல்ல இருந்தவனுங்க, அவனுக்குப் பழக்கம்தான்” என்று பெருமையாகச் சொல்லும் அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்குத் திக்கென்கிறது. இங்கே பழகியது ஒன்று, அங்கே கேட்கப்படுவது வேறொன்று. எங்கள் விடுதிகள் பிள்ளைக்குப் பதிலாக எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்தன. ஐரோப்பிய விடுதியிலோ முதல் நாளே ஒரு சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்கப்புறம் எந்த மணியும் அடிப்பதில்லை.

*வெளியே விட்டுப் பூட்டிக்கொண்ட கதவு*

சாவி என்று நான் சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. ஜெர்மானிய விடுதிகளில் பல கதவுகளுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி கிடையாது, ஒரு குமிழ் மட்டும் இருக்கும். காற்றில் சாத்திக்கொண்டாலும் பூட்டு விழுந்துவிடும். ஒரே சாவி அறைக்கும், மாடிக் கதவுக்கும், வாசல் கதவுக்கும் சேரும். தொலைத்தால் கட்டடத்தின் பூட்டுகளையே மாற்ற வேண்டி வரலாம், செலவு தொலைத்தவர் தலையில்.

அக்கா மகன் போன மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை மாலை, குப்பையைக் கொட்டிவிட்டு வரலாமென்று பனியனும் கைலியுமாக வெளியே வந்திருக்கிறான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. போன், பர்ஸ், சாவி மூன்றும் உள்ளே. விடுதிப் பராமரிப்பாளர் திங்கட்கிழமைதான் வருவார். பூட்டுத் திறக்கும் ஆளைக் கூப்பிட்டால் விடுமுறை நாள் கூலி, அவனுடைய ஒரு மாத மளிகைச் செலவை விழுங்கிவிடும்.

மூன்று வாரமாக அந்த நடைபாதையில் இருந்த எந்தக் கதவையும் அவன் தட்டியதில்லை. “எதுக்கு மாமா தொந்தரவுன்னு இருந்தேன்” என்றான் பிற்பாடு. அன்றைக்கு வேறு வழியில்லாமல் எதிர்க் கதவைத் தட்டினான். திறந்தது ஓர் ஈரானியப் பையன். ஒரு ஸ்வெட்டரும், கண்ணாடிக் குவளையில் பாலில்லாத தேநீரும் கொடுத்து, இரண்டு இரவு தன் அறைத் தரையில் மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறான். திங்கட்கிழமை கதவு திறந்தபோது என் மருமகனுக்கு அந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடைத்திருந்தான்.

இந்தக் கதையைப் பெண்பிள்ளைகள் பக்கமிருந்து கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கிறது. எங்கள் ஆத்தூர் உறவுப் பெண் இங்கிலாந்தில் முதுகலை முடித்தவள். நான்கு வருடம் இங்கே அவள் இருந்த கல்லூரி விடுதியில் மாலை ஆறு மணிக்கு கேட் சாத்திவிடுவார்கள். வீட்டுக்குப் போக அப்பா கையெழுத்து, கடைக்குப் போக வார்டன் கையெழுத்து. “அங்க நூலகத்துல படிச்சுட்டு ராத்திரி பதினொரு மணிக்கு நானே சாவி போட்டு உள்ள போனேனுங்க சித்தப்பா. யாரும் எங்கே போயிட்டு வர்றேன்னு கேக்கல. மொத நாள் சந்தோசமா இருந்துச்சு. பத்தாவது நாள், யாராவது கேட்டாத் தேவலைன்னு இருந்துச்சு” என்றாள். இந்த இரண்டு மனநிலையையும் அடுத்தடுத்துக் கடக்காத பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை.

*பெட்டிச் செய்தி: பெட்டியில் போகாதவை*

• ராசிபுரம் நெய் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் போகாது. வெளிநாடுகளிலிருந்து பயணிகள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவர அங்கே தடை. பால்கோவாவும் இதில் அடக்கம்.
• பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. 2019 டிசம்பர் 14 முதல் செடி, இலை, பெரும்பாலான பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. காயவைத்து அரைத்த கறிவேப்பிலைப் பொடி கொண்டுபோகலாம்.
• ஆஸ்திரேலியாவில் எந்தத் தின்பண்டத்தையும் விமானத்தில் தரும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்தால் அபராதம்.

*தாளிப்பும் அபாய மணியும்*

பொதுச் சமையலறை என்பது அங்கே விடுதியின் நடுவீடு. ஆறு பேர், எட்டுப் பேருக்கு ஓர் அடுப்பங்கரை. ஒவ்வொருவருக்கும் குளிர்பெட்டியில் ஒரு தட்டு, அலமாரியில் ஒரு கதவு. சண்டையும் நட்பும் இங்கேதான் பிறக்கின்றன.

நம் சமையலுக்கு அங்கே முதல் எதிரி கூரையில் இருக்கும் புகை உணர்த்தி. காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்து வரமிளகாய் கருகும் நொடியில் அது அலறிவிடும். இங்கிலாந்து விடுதிகளில் மணி அடித்தால் நள்ளிரவானாலும் மொத்தக் கட்டடமும் இறங்கி, வாசலில் குளிரில் நிற்க வேண்டும். போர்வையைச் சுற்றிக்கொண்டு இருநூறு பேர் நிற்க, காரணம் தன்னுடைய புளிக்குழம்புதான் என்று தெரிந்தபோது அழுகை வந்துவிட்டதாக அந்த ஆத்தூர்ப் பெண் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ரொட்டியும் தயிருமாகக் காலம் தள்ளியிருக்கிறாள். ஏழு கிலோ இறங்கிவிட்டாள். பிறகு ஒருநாள் பக்கத்து அறைச் சீனப் பெண் காற்றுறிஞ்சியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, சட்டியை மூடித் தாளிக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தாள். அவர்களும் மிளகாயை எண்ணெயில் பொரிப்பவர்கள்தானே.

குப்பை இன்னொரு பாடம். ஜெர்மனியில் காகிதம், மக்கும் குப்பை, பிளாஸ்டிக் உறை, மற்றவை என்று தனித்தனித் தொட்டிகள். மாற்றிப் போட்டால் சமையலறைக் கதவில் சீட்டு ஒட்டுவார்கள். தண்ணீர் பாட்டிலையும் டின்னையும் கடை எந்திரத்தில் திருப்பிப் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் கையில் வரும். பழைய பாட்டிலையும் பேப்பரையும் எடைக்குப் போட்டு வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடுகிறது. பிடிபடாதது ஞாயிற்றுக்கிழமை. கடைகள் அடைத்திருக்கும். சத்தமில்லாமல் இருக்க வேண்டிய நாள். இரவு பத்து மணிக்கு மேல் எந்த நாளும் அப்படித்தான். மிக்ஸி ஓட்ட முடியாது.

முட்டையில்தான் என் மருமகன் அசந்துபோனான். நாமக்கல்லில் ஓர் அட்டை என்றால் முப்பது. அங்கே பத்து முட்டைப் பெட்டி. ஒவ்வொரு முட்டை மேலும் சிவப்பு மையில் எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் 0 என்றால் இயற்கை முறை வளர்ப்பு, 1 என்றால் வெளியில் மேய்ந்த கோழி, 2 என்றால் கொட்டகைத் தரையில் வளர்ந்தது, 3 என்றால் கூண்டு. அடுத்து நாட்டின் எழுத்து, அதற்கடுத்து பண்ணையின் எண். நாம் வைத்திருப்பது போன்ற பழைய மாதிரிக் கூண்டுகளை 2012 ஜனவரியிலேயே ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. கடையில் நின்றபடியே முட்டையைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினான். மச்சான் அதைப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தார். மகன் போன ஒன்றரை மாதத்தில் அப்பாவும் பிள்ளையும் முதன்முறையாக அரைமணி நேரம் பேசியது அன்றைக்குத்தான். அதுவரை “சாப்பிட்டயா சாமி?” “சாப்பிட்டேனுங்கப்பா” என்பதோடு போன் அக்கா கைக்குப் போய்விடும்.

*நாலு மணி இருட்டு*

டிசம்பர் வந்தால் ஜெர்மனியில் மாலை நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. நம் கடிகாரம் அங்குள்ளதைவிட நாலரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அவன் வகுப்பு முடிந்து, இருட்டில் பனியை மிதித்து அறைக்கு வந்து, விளக்கைப் போட்டு உட்காரும் ஆறு மணிக்கு இங்கே பத்தரை. பண்ணையில் நாலு மணிக்கு எழ வேண்டிய அம்மா தூங்கிப்போயிருப்பாள். பேசத் தோன்றும் நேரத்தில் பேச ஆள் இல்லை. வெளிநாட்டுத் தனிமையில் இந்த நாலரை மணி நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

தீபாவளி அன்றைக்கு அங்கே வேலைநாள். பொங்கலன்று தேர்வுக்குப் படிக்க வேண்டிய காலம். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் கோலமும் கரும்பும் வரிசையாக வந்து விழும். எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு பொம்மையை அனுப்பிவிட்டுப் போர்வைக்குள் போகும் பிள்ளைகளை அவர்களே வர்ணிக்கக் கேட்டிருக்கிறேன். “நல்லா இருக்கேன்” என்று சொல்வது ஒரு கடமையாகிவிடுகிறது. அப்பா காட்டை அடமானம் வைத்து அனுப்பியிருக்கும்போது “இங்க எனக்குப் பிடிக்கல” என்று எந்த வாயால் சொல்வது?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “சாப்பிட்டயா” என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே “யாரோட சாப்பிட்டே” என்றும் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்தும் பதில் “தனியாத்தான்” என்றே வந்தால் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடப்பது, வீடியோ வேண்டாம் என்று குரலில் மட்டும் பேசுவது, பகலில் தூங்கி இரவில் விழிப்பது, இவையெல்லாம் வெறும் சோம்பல் இல்லை. ஜெர்மனியில் மாணவர் நல அமைப்புகள் இலவச மனநல ஆலோசனை தருகின்றன. பல பல்கலைக்கழக நகரங்களில் இரவு நேரத்தில் மாணவர்களே உட்கார்ந்து கேட்கும் தொலைபேசிச் சேவையும் உண்டு. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை நினைத்துத் தூக்கம் போன பெற்றோர் இங்கிருந்தே 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

*பெட்டிச் செய்தி: ஜெர்மனி அறையின் கணக்கு*

• அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பியர் அல்லாதவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ.
• விசாவுக்கு முன் முடக்கக் கணக்கில் போட வேண்டியது, 2024 செப்டம்பர் முதல், 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள்.
• குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்த கொஞ்ச நாளில் ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். டி.வி. இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஒரே வீட்டைப் பகிர்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம்.
• வருடத்துக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம்.
• 2023–24-இல் அங்கே படித்த இந்திய மாணவர்கள் சுமார் 49,500 பேர். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்தான் முதலிடம்.

*சாம்பார் கிடைக்கும் விடுதி*

மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளின் கதை வேறு. பிலிப்பைன்ஸின் தாவோ, கிர்கிஸ்தானின் பிஷ்கெக், ஜார்ஜியாவின் திபிலீசி என்று பறக்கிறார்கள். இங்கே நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டும்போது, அந்த நாடுகள் கண்ணில் படுவது இயல்பு. நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான்.

இவர்களை ஏஜென்ட்டுகள் கூட்டமாக அழைத்துப் போகிறார்கள். கூட்டமாகவே தங்க வைக்கிறார்கள். தாவோவில் தென்னிந்திய மெஸ்ஸோடு இந்திய மாணவர் விடுதிகள் இருக்கின்றன. இட்லி உண்டு, சாம்பார் உண்டு, வருகைப் பதிவும் வார்டனும் உண்டு. வெயில்கூட நம் ஊர் வெயில்தான். பெற்றோருக்கு நிம்மதி. என் சக ஊழியர் ஒருவரின் மகன் அங்கே போனபோது அவர் மனைவி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “நாமக்கல் ஹாஸ்டலையே தூக்கிட்டுப் போய் அங்க வெச்ச மாதிரி இருக்குதுங்க.”

அதுதான் சங்கடமே. தாவோவில் தெருவில் பேசும் மொழி பிசாயா. மூன்றாம், நான்காம் வருடத்தில் வார்டுக்குப் போகும்போது படுக்கையில் கிடக்கும் பாட்டி எங்கே வலிக்கிறது என்பதை அந்த மொழியில்தான் சொல்வாள். பிஷ்கெக்கில் ரஷ்ய மொழியும் கிர்கிஸும். தமிழிலேயே உண்டு, தமிழிலேயே சண்டையிட்டு, தமிழ் யூடியூப் பார்த்து மூன்று வருடம் ஓட்டிய பிள்ளை அந்தக் கட்டிலின் முன்னால் ஊமையாக நிற்கிறது. நோயாளியிடம் கேட்டுக் கற்க வேண்டிய மருத்துவத்தைப் பிறகு கோச்சிங் புத்தகத்தில் மனப்பாடம் செய்கிறது. திரும்பி வந்ததும் 300 கேள்வி, 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்கிற எஃப்.எம்.ஜி.இ., வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வு. பெரும்பாலான முறை எழுதியவர்களில் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. தரம் குறைந்த கல்லூரி, தூங்கிய மாணவர் என்று காரணங்கள் பல சொல்வார்கள். அந்தச் சாம்பார் விடுதியையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் வருடம் மட்டும் இந்திய மெஸ், இரண்டாவது வருடத்திலிருந்து உள்ளூர்க்காரர்கள் இருக்கும் அறை என்று மாறிய சில பிள்ளைகளைத் தெரியும். அவர்கள் போனில் பேசும்போதே தெரிகிறது, அந்த ஊரில் வாழ்கிறார்கள்.

*பெட்டிச் செய்தி: மறக்கக் கூடாத 54*

• தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிகளின்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். ஆங்கில வழி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கல்வி நிறுவனம்.
• அங்கேயே 12 மாதப் பயிற்சி. இந்தியா திரும்பியபின் இன்னொரு 12 மாதப் பயிற்சி.
• படித்த நாட்டில் மருத்துவராகப் பணிபுரியும் தகுதியும் அந்தப் பட்டத்துக்கு இருக்க வேண்டும்.
• வெளிநாடு போனாலும் நீட் தேர்ச்சி கட்டாயம்.

*விடுதியே பதுங்குகுழி ஆனபோது*

உக்ரைன் போர் தொடங்கிய 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு விடுதி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு வயிறு கலங்கியது. உக்ரைனின் கார்கிவ் நகரில் மாணவர்கள் விடுதியின் நிலவறைகளிலும் மெட்ரோ நிலையங்களிலும் நாள்கணக்கில் கிடந்தார்கள். உணவு வாங்க வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் மார்ச் 1-ஆம் தேதி குண்டுவீச்சில் இறந்தார். சுமி நகர விடுதிகளில் தண்ணீர் நின்றுபோய், பனியை வாரி உருக்கிக் குடித்தார்கள். அங்கிருந்த சுமார் 700 மாணவர்களை மார்ச் 8-ஆம் தேதிதான் வெளியே கொண்டுவர முடிந்தது. சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பினார்கள். அதில் தமிழ்நாட்டு மாணவர்கள் மட்டும் 1,800-க்கும் மேல்.

திரும்பியவர்களுக்கு அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். பாதியில் நின்ற படிப்பு, நிற்காத வங்கி வட்டி. இங்குள்ள கல்லூரிகளில் சேர்க்க வழியில்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. சிலர் ஜார்ஜியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் மாறினார்கள். சிலர் போர் நடக்கும்போதே உக்ரைனுக்குத் திரும்பிப் போனார்கள்.

2024 மே 17 இரவு பிஷ்கெக்கில் நடந்தது வேறு மாதிரி. உள்ளூர்க்காரர்களுக்கும் எகிப்திய மாணவர்களுக்கும் நடந்த ஒரு கைகலப்பின் வீடியோ பரவி, கும்பல் ஒன்று வெளிநாட்டு மாணவர் விடுதிகளுக்குள் புகுந்தது. வெளியே வராதீர்கள் என்று இந்தியத் தூதரகம் எச்சரித்தது. விளக்கை அணைத்து, கட்டிலை இழுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளோடு, இங்கே பெற்றோர் விடிய விடிய போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் போகும் எல்லாரும் செய்ய வேண்டிய ஒரு காரியம்: வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் பெயர், விடுதி முகவரி, தொடர்பு எண்ணைப் பதிவது. பத்து நிமிட வேலை. விமானம் ஏறும் பரபரப்பில் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். கலவரம் வந்தால் தூதரகம் தேடுவது அந்தப் பட்டியலில்தான்.

*முதல் பாஸ்போர்ட்*

வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்கே போகாத குடும்பத்திலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கென்று தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பணம் கிடைத்தாலும், குக்கர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், மெத்தை விரிப்பு அங்கே கொடுப்பார்களா, கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்குமா என்று கேட்க ஆள் இல்லை. இவை சில்லறைக் கேள்விகள் என்று நினைக்கிறவர்கள், காகிதத்தோடு முதல் நாளைக் கழித்ததில்லை. போய்வந்தவர்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் இப்போது நிறைய. கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்களையும், போகப்போகிறவர்களையும், அப்பா அம்மாக்களையும் எந்தக் கல்லூரியாவது ஒரே கூடத்தில் உட்கார வைத்தால் போதும். தேநீர்ச் செலவுதான் ஆகும்.

கல்விக் கடனில் ஒரு சின்ன ஆறுதல். குறிப்பிட்ட நிதி நிறுவனங்களில் கடன் வாங்கி அனுப்பும் பணத்துக்கு, முன்கூட்டியே பிடிக்கும் வரியை 2025 ஏப்ரல் முதல் எடுத்துவிட்டார்கள். சொந்தப் பணமென்றால் வருடத்துக்கு 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை.

போன வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா வீட்டில் இருந்தேன். வீடியோவில் மருமகன். ஈரானியப் பையனும் இன்னும் இரண்டு பேரும் சாப்பிட வருகிறார்களாம், அரிசிம்பருப்புச் சாதம் செய்யப்போகிறானாம். பின்னால் காற்றுறிஞ்சியின் இரைச்சல்.

“ஏனுங்கம்மா, தண்ணி எத்தனை?”

“ஒண்ணுக்கு மூணு ஊத்து கண்ணு.”

“எந்த டம்ளர்லங்கம்மா?”

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். அன்றைக்குத் தராசிலிருந்து இறக்கிய எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து போனுக்கு முன்னால் பிடித்தாள். அவன் தன் கண்ணாடி டம்ளரை அந்தப் பக்கம் தூக்கிக் காட்டினான். அவள் கண்ணைச் சுருக்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உன்றது கொஞ்சம் பெருசாட்டம் இருக்குது” என்றாள். “ரண்டே முக்கால் ஊத்து.”